ஐபோன் எந்த ஊர்க்காரன்? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவது பற்றி எழுதினேன். அதற்கு நம் பர்மாத் தமிழ் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி போனை விட்டுவிட்டுச் சீனாவுக்குப் போய்விட்டன. ஆப்பிள் கம்பெனி அமெரிக்கக் கம்பெனிதானா, சீனா கதவைச் சாத்தினால் அதன் கதி என்ன, நம்ம மெட்ராஸ் பக்கம் வந்த ஃபேக்டரி நிற்குமா என்று. எல்லாவற்றையும் சேர்த்து இந்த இதழிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, நான் போன் கடையில் வேலை பார்க்கிறேன். ஐபோன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இந்தியாவில் அசெம்பிள் ஆனது என்று இருந்தால் சில கஸ்டமர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம்ம தமிழ் ஆட்களோ நேர் எதிர், ஸ்ரீபெரும்புதூர் போன்தான் வேணும் என்கிறார்கள். உண்மையில் வித்தியாசம் உண்டா?
— கடை ஊழியர், யாங்கூன்

தம்பி, ரெண்டு பேரும் கேட்டதைக் கொடுத்து வியாபாரத்தை முடி. பெட்டியில் இருப்பது கடைசி ஸ்க்ரூவை எந்த ஊரில் முடுக்கினார்கள் என்கிற தகவல், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மூளை, அதாவது சிப், தைவானின் டிஎஸ்எம்சி செய்தது. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஜப்பானின் சோனி. டிஸ்ப்ளே கொரியாவின் சாம்சங் அல்லது எல்ஜி, சிலவற்றில் சீனாவின் பிஓஇ. மற்றச் சின்னச் சின்ன சாமான்களில் பெரும்பங்கு சீனாவைச் சுற்றியே வருகிறது. ஆகவே இந்தியாவில் மூடிய போனைத் திறந்தாலும் உள்ளே சீனா இருக்கும்.

கஸ்டமரிடம் நீ சொல்ல வேண்டியது வேறு. எங்கே செய்தது என்பதை விட எந்த நாட்டு மார்க்கெட்டுக்காகச் செய்தது என்பதுதான் இங்கே முக்கியம். செட்டிங்ஸில் மாடல் நம்பரின் கடைசியில் LL/A என்று இருந்தால் அமெரிக்க செட். ஐபோன் 14 முதல் அமெரிக்க செட்டில் சிம் போடும் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். CH/A என்று இருந்தால் சீன செட், அதில் ரெண்டு சிம்மையும் நேராகப் போடலாம். நம்ம ஊரில் ரெண்டு சிம் இல்லாமல் யார் இருக்கிறார்கள்? சீன செட் கேட்பவர் ஒருவேளை இதைத்தான் மனசில் வைத்திருக்கிறார், சொல்லத் தெரியாமல் இந்தியா மேல் பழி போடுகிறார்.

அமெரிக்காவிடம் இல்லாத பணமா, படிப்பா? தன் ஊரில் ஃபேக்டரி போட்டுச் செய்யாமல் ஏன் இப்படி ஒரே நாட்டிடம் போய் மாட்டிக்கொண்டார்கள்? கூலி குறைவு என்பது மட்டும்தான் காரணமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தாட்டோன்

ஐயா, கூலிதான் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் அங்கேயே பிடித்து வைத்திருப்பது கூலி இல்லை.

முதலில் ஒரு விஷயம். ஆப்பிள் தன் ஊரில் ஃபேக்டரி போடாத கம்பெனி இல்லை. 1984இல் மெக்கின்டாஷ் வந்தபோது கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில் அதற்கென்றே நவீன ஃபேக்டரி கட்டினார்கள். எல்க் க்ரோவ், கொலராடோ, அயர்லாந்தின் கார்க் என்று சொந்த ஃபேக்டரிகள் இருந்தன. 1997 வாக்கில் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது, கோடவுனில் விற்காத சரக்கு மலையாகக் கிடந்தது. 1998இல் காம்பேக் கம்பெனியிலிருந்து டிம் குக் வந்தார். அவர் செய்த முதல் வேலை சரக்கைக் கரைத்ததுதான். மாதக்கணக்கில் தேங்கிய சரக்கை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தார், கோடவுன்களை மூடினார், உற்பத்தியை ஒவ்வொன்றாக வெளியாளிடம் தள்ளினார். பங்குச் சந்தை கைதட்டியது. அந்த நேரத்தில் அது சரியான முடிவும்தான், வேறு யார் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பார்கள்.

வெளியாள் யார்? தைவானின் டெர்ரி கோ. 1974இல் டி.வி. பெட்டிக்கு பிளாஸ்டிக் குமிழ் செய்து ஆரம்பித்தவர், 1988இல் கடல் தாண்டி ஷென்ஜெனில் ஃபேக்டரி போட்டார். அதுதான் ஃபாக்ஸ்கான். 2007இல் முதல் ஐபோன் கடைக்கு வர சில வாரமே இருக்கும்போது, பிளாஸ்டிக் திரையில் கீறல் விழுகிறது, கண்ணாடியாக மாற்று என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்லிவிட்டார். கண்ணாடி நடு ராத்திரியில் ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தது. ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்த 8,000 தொழிலாளர்களை எழுப்பி, கையில் ஒரு பிஸ்கட்டும் ஒரு கப் டீயும் கொடுத்து, அரை மணி நேரத்தில் 12 மணி நேர ஷிஃப்டில் உட்கார வைத்தார்கள் என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அமெரிக்காவில் அப்படி எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. அதே ஷென்ஜெனில் 2010இல் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்தார்கள், கம்பெனி கட்டடத்தைச் சுற்றி வலை கட்டியது. டீயையும் பிஸ்கட்டையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் கணக்குப் பிசகிய ஆள் ஆகிவிடுவேன்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. ரெண்டு லட்சம் தொழிலாளர்களை மேற்பார்க்க 8,700 இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்கள் வேண்டும், அமெரிக்காவில் அத்தனை பேரைத் தேடிப் பிடிக்க ஒன்பது மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், சீனாவில் 15 நாளில் ஆள் கிடைத்தார்கள். ஐயா கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 2017இல் குவாங்ஜோவில் குக்கே சொன்னார், அச்சு செய்யும் டூலிங் இன்ஜினியர்களை அமெரிக்காவில் கூப்பிட்டால் ஒரு ரூம் நிறையுமா என்பது சந்தேகம், சீனாவில் பல கால்பந்து மைதானம் நிறையும் என்று. அந்த ஆட்கள் வானத்திலிருந்து விழவில்லை. பல வருஷமாக ஆப்பிளின் இன்ஜினியர்கள் விமானம் ஏறிப் போய், ஃபேக்டரித் தரையில் நின்று, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். மெஷினைக்கூட பல இடங்களில் ஆப்பிளே தன் காசில் வாங்கி அடுத்தவன் ஃபேக்டரியில் வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு அண்டாவும் நம்முடையது, அரிசியும் நம்முடையது, ஆனால் ஆயிரம் பேருக்கு உப்புப் போடத் தெரிந்தது சமையல்காரருக்கு மட்டும்தான் என்றால் முகூர்த்த நாளில் யார் பேச்சு எடுபடும்?

அரசாங்கத்தின் பங்கு தனி. ஹெனான் மாகாணத்தில் ஜெங்ஜோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஃபாக்ஸ்கான் அங்கே போனபோது ரோடு, மின்சாரம், ஹாஸ்டல், கஸ்டம்ஸ் எல்லாவற்றையும் உள்ளூர் அரசே முன்னின்று செய்து கொடுத்தது, ஆள் பிடித்தும் கொடுத்தது. முழு வேகத்தில் ஒரு நாளைக்கு அஞ்சு லட்சம் போன் வெளியே வரும். இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எழுந்து போவது லேசா?

சரி, மாட்டிக்கொண்டார்கள். அதனால் சீன அரசு சொல்வதையெல்லாம் கேட்கிறார்களா? ஆதாரத்தோடு சொல்லுங்கள், வாட்ஸ்அப் வதந்தி வேண்டாம்.
— மருந்துக் கடைக்காரர், பெகு

கேட்கிறார்கள். 2017 ஜூலையில் சீன ஆப் ஸ்டோரிலிருந்து, அரசு தடுத்த இணையதளங்களைப் பார்க்க உதவும் விபிஎன் ஆப்புகள் போயின. 2018 பிப்ரவரி கடைசியில் சீன வாடிக்கையாளர்கள் தங்கள் படங்களையும் தகவல்களையும் சேமித்து வைக்கும் ஐகிளவுட் விவகாரம் முழுவதும் குய்ஜோ மாகாண அரசோடு சேர்ந்த ஒரு கம்பெனி கைக்குப் போனது. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பயன்படுத்திய மேப் ஆப்பை எடுத்தார்கள். 2022 நவம்பரில், முன்பின் தெரியாதவருக்கும் ஏர்டிராப்பில் படம் அனுப்பும் வசதியைச் சீனாவில் மட்டும் பத்து நிமிஷத்துக்குக் குறைத்தார்கள், போராட்ட நோட்டீஸ் அதில்தான் கைமாறிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், த்ரெட்ஸ் எல்லாம் சீன ஸ்டோரிலிருந்து காலி. அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பது கம்பெனியின் பதில்.

இதே கம்பெனி 2016இல் என்ன செய்தது தெரியுமா? சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டில் சம்பந்தப்பட்டவனின் போனைத் திறந்து கொடு என்று எஃப்.பி.ஐ. கேட்டது, கோர்ட்டும் உத்தரவு போட்டது, முடியாது என்று நின்றது. சொந்த அரசாங்கத்தை எதிர்த்து நிற்க தைரியம் இருந்தது, ஏனென்றால் அங்கே கோர்ட்டு உண்டு, பத்திரிகை உண்டு, அதோடு ஃபேக்டரி அங்கே இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் மெயின் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

விற்பனையையும் மறக்காதீர்கள். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த விற்பனை சுமார் 39,100 கோடி டாலர், அதில் ஏறக்குறைய 6,700 கோடி சீனா, ஹாங்காங், தைவான் பக்கம். சரக்கு செய்கிறவனும் அவன்தான், பெரிய கஸ்டமரும் அவன்தான். எப்படி எதிர்த்துப் பேசுவது?

ஆனால் ஒன்று, கயிறு ஒரு பக்கம் மட்டும் கட்டப்படவில்லை. 2022 அக்டோபர் கடைசியில் ஜெங்ஜோவில் கொரோனா அடைப்புக்குப் பயந்து தொழிலாளர்கள் வேலி தாண்டி, மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தே ஊருக்குப் போனார்கள், நவம்பரில் சம்பளத் தகராறில் அடிதடியும் நடந்தது. அப்போது ஆப்பிளுக்கு எவ்வளவு வலித்ததோ அவ்வளவு ஹெனான் அரசுக்கும் வலித்தது, அந்த மாகாணத்து ஏற்றுமதியே அந்த ஒரு ஃபேக்டரியைத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடைப் பெட்டியடியில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் செட்டியார்கள் பர்மாவில் பணத்தைக் கொட்டிவிட்டு நின்ற கதைதான் ஞாபகம் வருகிறது. ஒப்பிடலாமா?
— இல்லத்தரசி, மோல்மேன்

அம்மா, ஒப்பிடலாம். நானே எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

1930 வாக்கில் செட்டியார்கள் பர்மாவில் வட்டித் தொழிலில் போட்டிருந்த முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்குச் சொன்னது. இன்றைய 75 கோடி இல்லை, அந்தக் காலத்து 75 கோடி. மற்ற ஊர்களில் போட்டதையெல்லாம் கூட்டினாலும் இதற்குக் கிட்டே வராது. ஏன் இங்கே போட்டார்கள்? லாபம் இங்கேதான் இருந்தது, வெள்ளைக்காரன் சட்டம் காவல் இருந்தது, மூணு வருஷத்துக்கு ஒரு மேலாளை, அதாவது ஏஜெண்டை, அனுப்பினால் தொழில் தானாக ஓடியது. அப்புறம் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாமல் விவசாயி நிலத்தை விட்டான், விரும்பியோ விரும்பாமலோ கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் 1937 வாக்கில் செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. அந்த வருஷம்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942இல் ஜப்பான்காரன் படையெடுத்து வந்தான். 1948இல் நில தேசியமயச் சட்டம். மிச்சம் இருந்த கடை கண்ணியும் 1964இல் அரசாங்கத்திடம் போனது.

எங்கே ஒத்துப்போகிறது? போட்டது தப்பு என்று போட்ட நாளில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. வருஷா வருஷம் லாபம் வந்தது, அதனால் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். எங்கே ஒத்துப்போகவில்லை? செட்டியார்கள் விட்டுப்போனது நிலம், அதில் நெல் போட ஏற்கெனவே பர்மிய விவசாயிக்குத் தெரியும். ஆப்பிள் விட்டுப்போக வேண்டியிருப்பது, தானே கற்றுக்கொடுத்த கைகளை. அந்தக் கைகள் இன்று ஹுவாவேக்கும் ஷாவ்மிக்கும் போன் செய்கின்றன. இன்னொன்று, செட்டியார்களுக்கு யாரும் காலம் கொடுக்கவில்லை. ஆப்பிளுக்குக் கிடைத்திருக்கிறது, அவர்கள் அதை மெதுவாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா? ஸ்ரீபெரும்புதூரில் என் மாமா பெண்ணே வேலை பார்க்கிறாள்.
— கல்லூரி மாணவர், மாண்டலே

மாமா பெண்ணுக்கு வாழ்த்துகள். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில், இங்கிருந்து 60களில் கையை வீசிக்கொண்டு போன நம் ஜனங்கள் வெளிநாட்டு ரேடியோவும் கால்குலேட்டரும் விற்றுப் பிழைத்த ஊர் அது. அங்கிருந்து ஒரு மணி நேர ரோட்டில் இப்போது அமெரிக்காவுக்கு ஐபோன் ஏற்றுமதி ஆகிறது. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரிக்கு முந்திக்கொள்ள, சரக்கு விமானங்களை வாடகைக்குப் பிடித்து 600 டன், சுமார் 15 லட்சம் போன், சென்னையிலிருந்து அனுப்பினார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. விமான நிலையக் கஸ்டம்ஸில் 30 மணி நேரம் பிடித்த வேலையை 6 மணி நேரமாகக் குறைக்கக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பான்மை இந்தியாவில் செய்ததாக இருக்கும் என்று குக் சொன்னார். சின்ன விஷயம் இல்லை.

தீர்ந்ததா என்றால் இல்லை. பாதி சாமான் இன்னும் சீனாவிலிருந்துதான் வந்து இறங்குகிறது. 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஃபேக்டரிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீன இன்ஜினியர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மெஷின் ஏற்றுமதிக்கும் பெய்ஜிங் இழுத்தடிப்பதாகச் சொல்கிறார்கள். போகிறாயா, போ, ஆனால் என் ஆளையும் என் மெஷினையும் எடுத்துக்கொண்டு போகாதே என்கிற கதை.

இந்தப் பக்கமும் எல்லாம் சுகம் இல்லை. 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி 150க்கும் அதிகமான பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தகவல் சரியாக வராததால் தோழிகள் செத்துப்போனார்களோ என்று பயந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், ஃபேக்டரி வாரக்கணக்கில் மூடியது. அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி 2006இல் ஆரம்பித்து, வரித் தகராறில் சிக்கி 2014 நவம்பரில் பூட்டுப் போட்டது. மாமா பெண்ணைக் கேட்டுப் பார், அங்கே பழைய ஆட்களுக்கு நோக்கியா பெயரைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும்.

அரசாங்கம் என்றால் சீனா மட்டுமா? 2025 மே மாதம் தோஹாவில் நின்றுகொண்டு, நீ இந்தியாவில் கட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை என்று குக்கிடம் சொன்னதாக டிரம்ப் சொன்னார். ஆகஸ்டில் குக் வெள்ளை மாளிகைக்குப் போய், அமெரிக்காவில் 60,000 கோடி டாலர் போடுகிறேன் என்று சொல்லி, தங்கப் பீடத்தில் வைத்த கண்ணாடித் தட்டு ஒன்றையும் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தார். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றின் முதலாளி ஸ்தானத்தில் இருப்பவர் தட்டு தூக்கிக்கொண்டு நின்ற படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரம்ப் வரியால் நமக்கு ஐபோன் விலை ஏறுமா?
— வாசகர், புரோம்

அமெரிக்க வரி அமெரிக்கக் கரையில் இறங்கும் சரக்குக்கு. நமக்கு விலையை ஏற்றுவது டாலர் ரேட்டும், எல்லையில் கேட் திறந்திருக்கிறதா என்பதும்தான். சீன எல்லையில் இருக்கும் மூசேயில் 105 மைல் கேட் மூடினால் சார்ஜர் ஒயருக்குக்கூட விலை ஏறியதைப் பார்த்தவர்கள் நாம்.

சீனாவைத்தான் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள் என்கிறீர்கள். எங்கள் கச்சின் பக்கம் மலையைக் கரைத்து எடுத்துப் போவது எங்கே போகிறது?
— வாசகர், மிச்சினா

இதைக் கேட்க மிச்சினாக்காரர்தான் வரவேண்டியிருந்தது. சிப்வி, பாங்வா பக்கம் எடுப்பது அரிய மண் உலோகங்கள், அதிலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்கிற கனமான ரகம். சூட்டிலும் பலம் குறையாத காந்தம் செய்ய இவை வேண்டும். மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றிலும் அந்தக் காந்தம் உண்டு. போன் அதிர்வதும் பேசுவதும் சின்னக் காந்தங்களால்தான்.

எடுக்கும் முறை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காக: மலை உச்சியில் வரிசையாகத் துளை போட்டு, அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். மண்ணுக்குள் இறங்கி உலோகத்தைக் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் வெளியே வருவதை, பிளாஸ்டிக் ஷீட் விரித்த வட்டத் தொட்டிகளில் பிடித்து, வேறு மருந்து போட்டுப் படிய வைத்து, சுட்டு, மூட்டை கட்டுகிறார்கள். சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் இதே வேலையைச் செய்து மலையும் ஆறும் கெட்டபின் அங்கே கெடுபிடி செய்தார்கள், தொழில் எல்லை தாண்டி இங்கே வந்தது. 2023இல் மட்டும் 40,000 டன்னுக்கு மேல் எல்லை தாண்டிப் போனதாகச் சீனக் கஸ்டம்ஸ் கணக்கு. 2024 அக்டோபரில் பாங்வாவை கச்சின் படை பிடித்தபோது சுரங்கம் நின்றது, உலகச் சந்தையில் விலை ஏறியது.

அடுத்த ஏப்ரலில் டிரம்ப் வரிக்குப் பதிலடியாகச் சீனா ஏழு அரிய மண் உலோகங்களுக்கு ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்றது. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அந்த ஏழில் உண்டு. ஜூலையில் ஆப்பிள், எம்.பி. மெட்டீரியல்ஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனியோடு, பழைய சாமானிலிருந்து எடுத்த உலோகத்தில் காந்தம் செய்து வாங்க 50 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. தன் காந்தங்களில் பெரும்பாலும் மறுசுழற்சி உலோகம்தான் என்று ஆப்பிள் சொல்கிறது. இருக்கட்டும். பர்மாவின் சீன எல்லை ஓரத்தில் வா இனத்தவர் ஆளும் பகுதியில் 2023 ஆகஸ்டில் மான் மோ தகரச் சுரங்கத்தை நிறுத்தினார்கள், தகரம்தான் போர்டில் சாமான்களை ஒட்ட வைக்கும் சால்டருக்கு மூலம். அன்றும் உலகச் சந்தை இங்கேதான் திரும்பிப் பார்த்தது. அமெரிக்கக் கம்பெனி சீனாவை நம்பி இருக்கிறது, சீனா நம் மலையை நம்பி இருக்கிறது, மலையடிவாரத்தில் இருப்பவருக்கு ஆற்று மீன் இல்லை. இதில் யார் யாரிடம் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் என் பதில், பேரம் பேசக்கூட கூப்பிடப்படாதவர்தான்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கையில் என்ன போன்?
— குறும்புக்காரி, தமுவே

ரெட்மி. டிஸ்ப்ளே மாற்றிப் போட்டது, ஓரத்தில் பசை தெரிகிறது. அடுத்த இதழுக்குக் கேள்விகளை வைபரில் அனுப்புங்கள், ஆனால் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், ஸ்பீக்கர் கரகரக்கிறது.